எஸ்தர் அக்கா தானாக விழவில்லை

சேத்தியாத்தோப்பில் ஒரு டீக்கடையில் மூன்று டீ சொல்லிவிட்டு நான் காத்திருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. திரையில் எஸ்தர் அக்காவின் பெயர். "எங்கக்கா இருக்கீங்க? டீ ஆறுது" என்றேன். பேசியது முன்பின் தெரியாத ஓர் ஆண் குரல். "இந்தம்மாவுக்கு நீங்க என்ன வேணுங்க? ஏரிக்கரை ரோட்டுல விழுந்துட்டாங்க. சீக்கிரம் வாங்க."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி மிதித்தேன். பாதி தூரத்தில் எதிரே ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்தது. உள்ளே அவர்தான் இருக்கிறார் என்று தெரியாமல் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் ஃபாத்திமா போனில் சொன்னார்: "அக்கா போயிட்டாங்க வசந்தா."

ஒரு மாதம் ஆகப்போகிறது. எஸ்தர் அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி எங்கள் ஓய்வுபெற்ற செவிலியர் சங்கத்தில் கேட்டார்கள். "கண்ணியமா எழுதுங்கம்மா, கோபம் வேண்டாம்" என்றும் சொன்னார்கள். கண்ணியமாக எழுத முயல்கிறேன். கோபத்துக்கு நான் பொறுப்பில்லை.

எஸ்தர் அக்கா மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு காலனித் தெருவில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். லுத்தரன் சபைப் பள்ளியில் படித்து, கிராம சுகாதார செவிலியராகி, தஞ்சாவூர்ப் பக்கம் வேலைக்கு வந்தார். அடுத்த துணை சுகாதார நிலையத்தில் நான் இருந்தேன். நாகூர்க்காரரான ஃபாத்திமா சில வருடம் கழித்து வந்து சேர்ந்தார். மூவருக்கும் வாகனம் சைக்கிள்தான். கேரியரில் தடுப்பூசிப் பெட்டியை ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டி, வாய்க்கால் கரைகளில் எட்டு ஊர், பத்து ஊர் என்று போவோம்.

அந்த ஊர்களில் ஒன்றில் ஒரு பெரிய தெரு இருந்தது. காலனிப் பெண் சைக்கிளில் உட்கார்ந்தபடி அந்தத் தெருவில் போகக்கூடாது. அப்படி எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். முனை வீட்டுப் பெரியவர் முதல் நாளே அக்காவை நிறுத்தி, "இந்தாம்மா, எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ" என்றார். அக்கா ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றினார். "ஐயா, ஊசி மருந்து ஐஸ்ல இருக்கு. நான் தள்ளிக்கிட்டுப் போறதுக்குள்ள உருகிடும். உங்க வீட்டுப் பிள்ளைக்குத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் மட்டும் மணியைக் கொஞ்சம் கூடுதலாக அடிப்பார்.

நானும் காலனியில் பிறந்தவள்தான். அந்தத் தெருவில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். ஒருநாள் அக்கா அதைப் பார்த்துவிட்டார். "பெரியவங்க உக்காந்திருக்காங்க, ஒரு மரியாதைக்குத்தாங்க்கா" என்று சமாளித்தேன். "நீ எறங்குறது உன் இஷ்டம். ஆனா மரியாதைன்னு சொல்லாத. பயம்னு சொல்லு. பயம்னு சொன்னா ஒருநாள் போயிடும். மரியாதைன்னு சொன்னா சாகுற வரைக்கும் இருக்கும்" என்றார்.

அதே பெரியவருக்கு வயதான காலத்தில் சர்க்கரையால் காலில் புண் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் அக்கா போய்க் கட்டு மாற்றினார். பெரியவர் கடைசிவரை சுவரைப் பார்த்தபடிதான் காலை நீட்டுவார். "உங்களுக்குக் கோவமே வராதாக்கா?" என்று கேட்டேன். "எனக்கு அவரு மூஞ்சி எதுக்கு? புண்ணு ஆறினா போதும்" என்றார். புண் ஆறியது. பெரியவர் மாறவில்லை. மாறியதாக எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அவர் மாறவில்லை.

மூவரும் ஓய்வு பெற்றோம். சைக்கிளை விடாதவர் அக்கா ஒருவர்தான். கல்லணையிலிருந்து தண்ணீர் போகிற வழியிலேயே சைக்கிளில் போய், அது வீராணம் ஏரியில் சேருவதைப் பார்க்கவேண்டும் என்று ஒருநாள் ஆரம்பித்தார். "ஆயுசு பூரா இந்தத் தண்ணி பக்கத்துலயே ஓட்டினோம். எங்க போவுதுன்னு பாத்தோமா?" மழைக்காலம் முடியட்டும் என்றோம். "காஞ்ச ஏரிய யாரு பாக்குறது?" என்று முடித்துவிட்டார். அவரது கணவர் தங்கராஜ் அண்ணன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், மூன்று சைக்கிளுக்கும் புது பிரேக் கட்டை போட்டு, மூவருக்கும் ஹெல்மெட் வாங்கித் தந்து அனுப்பினார்.

முதல் நாள் கும்பகோணம். இரண்டாம் நாள் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து, வடவாற்றங்கரை வழியாகக் காட்டுமன்னார்கோயில். இருபுறமும் சம்பா நட்டுப் பச்சை பிடித்திருந்தது. மூன்றாம் நாள், கடைசி நாள், ஏரிக்கரை மட்டும்தான் பாக்கி. ஏரி முட்ட முட்ட நிறைந்திருந்தது. அக்கா ஒரு மதகின் மேல் ஏறி நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏ அப்பா, எம்மாந் தண்ணி" என்றார். அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

பாதிக் கரையில் ஃபாத்திமாவின் சைக்கிள் செயின் கழன்றது. அக்கா குனிந்து உட்கார்ந்து மாட்ட ஆரம்பித்தார். "நீ போய் டீ சொல்லி வை வசந்தா, நாங்க பின்னாடியே வந்துடுறோம்" என்றார். நான் போனேன். லாரி எதுவும் எதிரே வராததால் சாலையின் நடுவிலேயே போனேன். அதனால்தான் ஓரத்தில் இருந்த பள்ளம் எனக்குத் தெரியவில்லை. இதை நினைக்காமல் ஒரு நாளும் நான் தூங்கவில்லை.

அவர்கள் வரும்போது எதிரே ஒரு டிப்பர் லாரி வேகமாக வந்தது. முன்னால் வந்த அக்கா ஓரமாக ஒதுங்கினார். அங்கே மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. பார்வைக்கு அது வெறும் குட்டை. உண்மையில் அது குழாய் பதிக்க ஆள் ஆழத்துக்கு வெட்டி, மூடாமல் விட்ட பள்ளம். பலகை இல்லை, கயிறு இல்லை, ஒரு கல்கூட இல்லை. சைக்கிளோடு உள்ளே போனார். அடியில் கிடந்த சிமென்ட் குழாயில் வயிறு மோதியது.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த கலியபெருமாள் என்பவர் ஓடிவந்து தூக்கினார். எனக்குப் போன் செய்ததும் அவர்தான். கரையில் கிடத்தியதும் அக்கா முதலில் சொன்னது: "அண்ணே, ஒரு கொம்பை ஒடிச்சு அந்தக் குழி ஓரத்துல நடுங்க. வேற யாராச்சும் விழுந்துடப் போறாங்க." அவர் ஒரு கருவேலங்கொம்பை ஒடித்து நட்டு, தன் சிவப்புத் துண்டை அதில் கட்டினார். பிறகு அக்கா ஃபாத்திமாவிடம் மணிக்கட்டை நீட்டினார். "பல்ஸ் பாரு." ஃபாத்திமா பார்த்தார். "வேகமா இருக்குக்கா. ரொம்ப மெலிசா இருக்கு." "உள்ளுக்குள்ள ரத்தம் போவுது. ஆம்புலன்ஸ்ல வர்றவங்ககிட்ட அத மொதல்ல சொல்லு. வேற எதுவும் பேசாத." அவருக்குத் தெரிந்திருந்தது. முப்பது வருட நர்ஸுக்குத் தெரியாதா?

குழாய் பதிக்கிற ஒப்பந்தக்காரர் பத்து நாளாகச் செய்யாத வேலையை, செத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இரண்டு நிமிடத்தில் செய்து முடித்தார்.

அன்று பிற்பகல் காவல் நிலையத்தில் ஒரு தாளை நீட்டி ஃபாத்திமாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நான் வாங்கிப் படித்தேன். "மழைநீர் தேங்கிய சாலையில் அஜாக்கிரதையாகச் சைக்கிள் ஓட்டி, தானாக நிலைதடுமாறி விழுந்ததில்" என்று இருந்தது.

"பள்ளம்னு ஒரு வார்த்தை இல்லியே சார்" என்றேன்.

"தண்ணி தேங்கியிருந்துச்சுன்னு எழுதியிருக்கேம்மா."

"தேங்குன தண்ணியில விழுந்து யாரும் சாக மாட்டாங்க சார். அது வெட்டுன பள்ளம்."

"அதெல்லாம் விசாரணையில வரும். போஸ்ட்மார்ட்டம் சீக்கிரம் முடியணுமா வேணாமா? கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டோம்."

"அப்ப பாடி லேட்டாகும்."

"ஆவட்டும் சார். அக்கா காத்திருப்பாங்க."

என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கலியபெருமாள் மாட்டை யாரிடமோ விட்டுவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். "நான் பாத்தேங்க. அந்தக் குழிய வெட்டி பத்து நாளாவுது. போன வாரம் ஒரு கன்னுக்குட்டி விழுந்துச்சு, நாங்கதான் தூக்குனோம்" என்றார். விளக்கேற்றும் நேரம் வரை உட்கார்ந்திருந்தோம். வேறு தாள் எழுதினார்கள். "எச்சரிக்கைப் பலகை வைக்கப்படாத, மூடப்படாத பள்ளத்தில் விழுந்து" என்று எழுதிய பிறகுதான் ஃபாத்திமாவும் நானும் கையெழுத்துப் போட்டோம். ஒப்பந்தக்காரரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "பெயர் தெரியாத நபர்" என்று இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது.

அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். அவர் கையால் ஊசி போட்டு வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களில் சிலர், "இந்த வயசுல பொம்பளைக்கு எதுக்கு சைக்கிளு?" என்று எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொண்டார்கள். எங்கள் பழைய அதிகாரி ஒருவர் மைக்கைப் பிடித்து, விதி என்றார். சபையார் ஒருவர், கர்த்தர் தம்மிடம் அழைத்துக்கொண்டார் என்றார். எனக்கும் விசுவாசம் உண்டு. ஆனால் கர்த்தர் அந்தப் பள்ளத்தை வெட்டவில்லை. வெட்டியது யாருடைய இயந்திரமோ, அந்த இயந்திரத்துக்கு நம்பர் பிளேட் இருக்கிறது.

எல்லோரும் போன பிறகு தங்கராஜ் அண்ணன் ஃபாத்திமாவைக் கூப்பிட்டார். "பிரேக்கு புடிச்சுதாம்மா?" என்று கேட்டார்.

"புடிச்சுதுண்ணே. அக்கா பிரேக் போட்டாங்க. ரோடுதான் இல்ல."

அவர் தலையாட்டினார். அந்த மனிதர் மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். தான் போட்ட கட்டையில் குறையோ என்று. குறை செய்தவர்கள் எவரும் ஒரு நிமிடம்கூட அப்படிக் கலங்கியிருக்க மாட்டார்கள்.

போன வாரம் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்க நானும் ஃபாத்திமாவும் பஸ்ஸில் போனோம். விசாரணை நடக்கிறது என்றார்கள். அடுத்த மாதமும் போவோம். அதற்கடுத்த மாதமும். திரும்பும்போது ஏரிக்கரைச் சாலையில் அந்த இடத்தை ஜன்னல் வழியே தேடினோம். முதலில் தெரியவே இல்லை. குழாயைப் பதித்து, மண் அடித்து, மேலே தார் போட்டிருந்தார்கள். சாலையில் அந்தத் துண்டு மட்டும் புதுக் கறுப்பாக மின்னியது. பத்து நாளாகத் திறந்து கிடந்ததை மூட அவர்களுக்கு இரண்டு நாள் போதுமாக இருந்ததாம். நாங்கள் போன பஸ்ஸின் கண்டக்டர் சொன்னார். பஸ் அதன் மேல் ஏறிப் போனது. குலுங்கவே இல்லை. ஃபாத்திமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

போய் வாருங்கள் அக்கா. ரோடு இப்போது நன்றாக இருக்கிறது.