சம்பந்தம் பேசப் படித்த ஜெர்மன்

தக்காளி வண்டி ஓட்டுகிறவன் ஐம்பது வயதுக்கு மேல் ஜெர்மன் பாஷை படிக்கிறான் என்றால் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றியது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷில் லாரிக்குப் பின்னால் எழுதியிருக்கிற வரைக்கும் தெரியும். இந்த மண்டையை வைத்துக்கொண்டு ஒரே பாஷையை இரண்டு தடவை படிக்க ஆரம்பித்தேன்.

முதல் தடவை நான் படிக்கவே இல்லை, அதுவாக ஒட்டிக்கொண்டது. என் ஒரே மகள் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு ஜெர்மனிக்கு வேலைக்குப் போக அந்த பாஷையில் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. காலையில் பாலக்கோட்டிலிருந்து நான் தக்காளி ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னோடு வருவாள். பாடத்தைத் தன் குரலிலேயே போனில் பேசிப் பதிந்து, அதை மெமரி கார்டில் ஏற்றி, வண்டி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள். நானும் கேட்பேன். எனக்கு வேறு வேலை என்ன, ஸ்டீயரிங் பிடிப்பதுதானே.

பரீட்சையில் பாஸானாள், போய்விட்டாள். அதன்பின் அந்த பாஷை எனக்கு ஆகவில்லை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு போன பாஷை. மெமரி கார்டைக் கழற்றி, ஆர்.சி. புத்தகத்தோடு டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

அப்புறம்தான் அந்த போன் வந்தது. என் மனைவி அரிவாள்மனையில் பீர்க்கங்காய் அரிந்துகொண்டிருந்தாள். மகள் சுற்றி வளைக்கவில்லை. தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது, அந்த ஊர்க்காரர், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம் என்றாள். பீர்க்கங்காய் உருண்டு அடுப்படிக்குப் போனது. எடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. என் மனைவிதான் முதலில் கேட்டாள்.

"என்ன ஆளுங்களாம்?"

"வெள்ளக்காரங்க" என்றேன்.

"அது தெரியுதுங்க. அதுல என்ன ஆளுங்க?"

போனில் கேட்டேன். அங்கே அப்படியெல்லாம் கிடையாது என்றாள் மகள். அது இல்லாமல் ஜனங்கள் எப்படி இருப்பார்கள் என்று என் மனைவி அன்றைக்குப் பூரா யோசித்தாள். நான் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு படுத்தேன். என்னைச் சாப்பிடச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை என்பதால் நானே எழுந்து போட்டுச் சாப்பிட்டேன்.

கடைசியில் என் மனைவியின் அண்ணன்தான் முடிவு சொன்னார். எங்கள் வூட்டில் தாய்மாமன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பெண் சம்பாதிக்கிறது, புத்தியில் நம் எல்லோருக்கும் மேல், சரி என்று சொல்லிவிடலாம், ஆனால் முறைப்படி இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். அவர்கள் அங்கே உட்காரட்டும், நாம் இங்கே உட்காரலாம், நடுவில் போன் இருக்கட்டும். சொன்னதும் மகள் குஷியாகி, தானே எல்லாவற்றையும் மாற்றிச் சொல்வதாகச் சொன்னாள்.

மச்சானுக்கு முகம் மாறிவிட்டது. கல்யாணப் பேச்சு நடக்கிற இடத்தில் பெண்ணே உட்கார்ந்து தனக்குத் தானே பேசுவதா?

"அப்பன் ஊமையாட்டம் ஒக்காந்திருந்தா என்னா நெனப்பாங்க மாப்ள? கேக்க நாதியில்லாத பொண்ணுன்னு நெனச்சிருவாங்க."

அந்தச் சொல் எனக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. மகள் இருப்பது கடல் தாண்டி. நாளைக்கு ஒன்று என்றால் பஸ் பிடித்துப் போய் நிற்க முடியாது. இந்தப் பெண்ணுக்கு ஒரு அப்பன் இருக்கிறான், வாயுள்ளவன், கேட்பான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அவர்கள் பாஷையிலேயே தெரிய வேண்டும். டப்பாவைத் திறந்து மெமரி கார்டை எடுத்தேன்.

கார்டில் என் மகள் குரல் அப்படியே இருந்தது. முதல் நாள் அதைக் கேட்டு வண்டியை ஓரம் கட்டினேன். பாடம் புரியாததால் ஓரம் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிற ஒரு ஆப்பும் போட்டுக்கொண்டேன். தப்பாகச் சொன்னால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போடும். என் வாத்தியார்கள் பிரம்பால் செய்ததை அது காற்றிலேயே செய்தது. தினமும் ஒரு அதிர்ச்சி. அந்த ஊரில் கரண்டி ஆம்பிளையாம், முள்கரண்டி பொம்பளையாம், கத்தி இரண்டும் கிடையாதாம். சரி, கரண்டிக்கு அந்த மரியாதை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அடுத்த பாடத்தில் சின்னப் பெண் என்பதற்கும் கத்திக்கு உள்ள அதே கணக்கு என்றது. பெண்ணைப் பெற்றவன் இதை எப்படித் தாங்குவது?

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நின்றால் எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு அதுதான் வகுப்பு. ஒருநாள் ஜன்னலைத் திறந்துவைத்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து லாரி டிரைவர், கர்நாடகாக்காரர், ரொம்ப நேரம் என்னையே பார்த்துவிட்டு, "யாவ பாஷெ அண்ணா இது?" என்றார். ஜெர்மன் என்றேன். பாவம், அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மகள் பதிந்துவைத்ததெல்லாம் நர்ஸ் வேலைக்கான ஜெர்மன். எனவே எனக்குச் சரளமாக வந்ததெல்லாம் எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது, ராத்திரி தூங்கினீர்களா, மாத்திரை போட்டீர்களா. ஒரு ஆஸ்பத்திரியையே நடத்துவேன். சம்பந்தம் பேச ஒரு வரி தெரியாது.

ஆகவே பேச வேண்டியதை நானே தயார் செய்தேன். எங்கள் பக்கம் இதற்கு ஒரு முறை உண்டு. பெண்ணைக் கொடுக்கிறவன் பெண்ணை உயர்த்திப் பேசக் கூடாது. பெற்றவன் வாயால் புகழ்ந்தால் திமிர் என்பார்கள், கண்ணும் பட்டுவிடும். அதனால் மட்டம் தட்டித்தான் கொடுப்பான். எம்பொண்ணுக்கு ஒன்றும் தெரியாதுங்க, சோறாக்க வராது, சோம்பேறி, கோபக்காரி, நீங்கதான் பொறுத்துக்கணும். உடனே எதிர்ப்பக்கம், அய்யோ அப்படிச் சொல்லாதீங்க, தங்கமான பெண், எங்க வூட்டுப் புள்ளையா பாத்துக்கறோம் என்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் சிரிப்பார்கள், தட்டை மாற்றுவார்கள். என் மாமனார் என் மனைவியைப் பற்றிச் சொன்னதும் இதேதான். அதில் கோபக்காரி என்பது மட்டும் நிஜம் என்று பிற்பாடு தெரிந்தது.

போனில் தமிழில் சொன்னால் ஜெர்மனில் மாற்றிப் பேசுகிற வசதி இருக்கிறதே, அதில் ஒவ்வொரு வரியாகச் சொல்லி, அது பேசுவதைக் கேட்டு மனப்பாடம் செய்தேன். டொய்ங் சத்தம் வராமல் சொல்லுகிற அளவுக்குத் தேறினேன். மகளிடம் மூச்சுவிடவில்லை. திடீரென்று கேட்டு அசந்துபோகட்டும் என்று ஆசை. அவளிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பெரியவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் நம்ம ஊர் மாதிரி நீ அவர்கள் வூட்டு உள் அறையில் இருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு மத்தியானம், அவர்களுக்குக் காலை. மச்சான் கரை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பூ வைத்த தட்டு முன்னால். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து ஜன்னல் பக்கம் வைத்திருந்தோம், அங்கேதான் சிக்னல். திரையில் மாப்பிள்ளைப் பையனின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவர் பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு கூச்சமாகச் சிரித்தார். அந்தம்மா ஒல்லி. தலைமுடி பையன்கள் கிராப்பு மாதிரி ஒட்ட இருந்தது. அந்தம்மாவுக்கு முடி ஏன் அப்படி இருக்கிறது என்று என் மனைவி என் காதில் கேட்டாள். அங்கே ஃபேஷன் என்று விஷயம் தெரிந்தவன் மாதிரி சொன்னேன்.

"குட்டன் டாக்" என்றேன். இரண்டு பேர் முகமும் மலர்ந்துவிட்டது. மச்சான் என் முதுகில் தட்டினார். அவர் தட்டியதில் எனக்குத் தைரியம் ஏறிவிட்டது. முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் எடுத்துவிட்டேன். என் மகளுக்கு ஒன்றும் தெரியாது. சமைக்க வராது. சோம்பேறி. கோபம் அதிகம். நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். முடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் சிரிப்பதற்காக நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை.

நெட் நின்றுவிட்டதாக நினைத்தேன். இல்லை, அவர்களுக்குப் பின்னால் கடிகாரத்தின் பெண்டுலம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பெரியவர் தன் கைகளைப் பார்த்தார். அந்தம்மாவின் முகம் வெளுத்து, பிறகு கழுத்திலிருந்து சிவந்துகொண்டு வந்தது. அவர்கள் பக்கத்தில் எங்கேயோ ஒரு கதவு படாரென்று திறந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். படித்ததெல்லாம் பறந்துவிட்டது. வாயில் தானாக வந்தது மெமரி கார்டில் இருந்த முதல் பாடம்.

"ஹாபன் ஸீ ஷ்மெர்ட்ஸன்?"

உங்களுக்கு வலி இருக்கிறதா?

அந்தம்மா என்னை நேராகப் பார்த்தாள். "யா" என்றாள். ஆமாம்.

அப்புறம் பேச ஆரம்பித்தாள். கத்தவில்லை, ஆனால் அப்படி ஒரு திட்டை நான் தமிழில்கூட வாங்கியதில்லை. விரலை நீட்டி, மூச்சு வாங்க வாங்க, நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிய வேண்டும் என்றே மெதுவாகத் திட்டினாள். எனக்குப் பத்தில் ஒன்றுதான் பிடிபட்டது. வலி, ராத்திரி, தூக்கம், ஆஸ்பத்திரிச் சொற்களாகவே வந்தன. என் சொற்கள். நடுவில் சுத்தமாக ஒரு சொல் விழுந்தது: ரசம். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குள் மகள் திரைக்குள் ஓடிவந்துவிட்டாள். "அப்பா, என்னாப்பா சொல்லி வச்ச?"

"மொறைய சொன்னேன்" என்றேன். "நம்ம மொறைய."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. அந்தம்மா ஏன் உங்கப்பனைத் திட்டுகிறது என்று கேட்டாள். மகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

அந்தம்மாவுக்குப் புற்றுநோய் வந்து, மகள் வேலை பார்க்கிற வார்டில்தான் கிடந்திருக்கிறாள். மருந்தில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. எதைக் கொடுத்தாலும் உள்ளே தங்காத நாட்களில், லீவு நாளிலும் என் மகள் தன் அறையில் ரசம் வைத்து பிளாஸ்க்கில் கொண்டுபோயிருக்கிறாள். அது மட்டும்தான் தங்கியது. அம்மாவைப் பார்க்க வந்த பையன் அங்கேதான் இவளைப் பார்த்தது. இதையெல்லாம் சொன்னால் நாங்கள் பயப்படுவோம் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

"என்னை எந்திரிச்சு நடக்க வச்ச பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எப்பிடிச் சொல்லலாங்கறாங்க. சோம்பேறின்னு சொல்ல வாய் எப்பிடி வந்துச்சுன்னு கேக்கறாங்க. நீ நெஜமாவே அப்பாதானான்னு..." மகள் நிறுத்திக்கொண்டாள்.

நான் சொம்பைப் பார்த்தபடி இருந்தேன். ஃபேஷன் என்று சொன்னேனே என்பது வேறு தனியாகக் குத்தியது. ஆனால் அதையும் மீறி ஒன்று உறைத்தது. அந்தம்மா சொன்னது எல்லாமே முறைப்படி எதிர்ப்பக்கம் சொல்ல வேண்டிய பதில்தான். அப்படிச் சொல்லாதே, தங்கமான பெண், எங்கள் வூட்டுப் பிள்ளை. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எங்கள் ஊரில் யாரும் அதை நிஜமாகச் சொல்லி நான் கேட்டதில்லை, அவ்வளவுதான். கேட்க நாதியில்லாத பெண் என்று நினைத்துவிடுவார்களே என்று கணவாய் கணவாயாகக் கத்திப் படித்தவன் நான். அங்கே அவளுக்காகப் பெற்ற அப்பனையே நிற்கவைத்துக் கேட்க ஆள் இருந்தது.

மச்சான் மெல்ல, "இந்தம்மா நம்ம ஊர்ல பொறந்திருக்க வேண்டியது மாப்ள" என்றார்.

ஆனால் அந்தம்மா விடவில்லை. சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். மகளை நல்லபடியாகச் சொல்ல என்னிடம் ஜெர்மனில் ஒரு வரி இல்லை. யோசித்துப் பார்த்தால் தமிழிலும் இல்லை. அவள் முகத்துக்கு நேராக அப்படி ஒன்று நான் சொன்னதே கிடையாது, கண் பட்டுவிடும் என்று.

"மைனே டோஹ்டர்" என்று ஆரம்பித்தேன். என் மகள். "கூட்" என்றேன். நல்லவள். போதாது என்று தோன்றி, "ஸேயர் கூட்" என்றேன். ரொம்ப நல்லவள். ஆப்பாக இருந்தால் டொய்ங் போட்டிருக்கும். அந்தம்மா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். மகள் திரையை விட்டு ஓரமாகப் போய் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

என் மனைவிக்கு உடனே வேறு பயம் வந்துவிட்டது. பெற்ற அப்பன் வாயாலேயே புகழ்ந்தாகிவிட்டது. அதுவும் இத்தனை பேர் பார்க்க. எழுந்துபோய்க் கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துவந்து, மகளைத் திரைக்கு நடுவில் உட்காரச் சொல்லி, போனைச் சுற்றத் தொடங்கினாள். இப்போது அதிர்ச்சி அந்தப் பக்கம். அந்தப் பெரியவர் பின்னால் நகர்ந்தார். மகள் என்னமோ விளக்கிச் சொன்னாள். அந்தம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் கிராப்புத் தலையைக் கொண்டுவந்து என் மகள் தலையோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். என் மனைவி ஒன்றும் கேட்காமல் முதலிலிருந்து மறுபடி சுற்றினாள்.

மிளகாயை அடுப்பில் போட்டபோது எங்களில் ஒருவருக்கும் இருமல் வரவில்லை. பார்த்தீங்களா, அவ்வளவு கண்ணு, எல்லாம் போச்சு என்றாள் மனைவி. ஜன்னல் திறந்திருந்ததால் நெடி வெளியே போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அன்றைக்கு ஏற்கெனவே ஒரு தடவை வாயைத் திறந்திருந்தேன்.