ஜெயசீலியின் ஆட்கள் விலகுவதில்லை

மருந்துச் சோதனைக்கு ஆள் சேர்ப்பது சுலபம். கடைசிவரை நிறுத்தி வைப்பதுதான் பாடு. பெங்களூரு ஆஸ்பத்திரி ஒன்று, நுரையீரலில் தூசி படிந்தவர்களுக்கான புது மாத்திரையைப் பல ஊர்களில் சோதித்துக்கொண்டிருந்தது. மற்ற ஊர்களில் ஆட்கள் பாதியில் நழுவினார்கள். தங்க வயல் மாரிகுப்பத்தில் ஒருவர்கூட நழுவவில்லை. காரணம் ஜெயசீலி.

அவள் வேலையே அதுதான். பழைய சுரங்கத் தொழிலாளிகள் விடாமல் மாத்திரை போடுகிறார்களா, மாதாமாதம் ரத்தம் கொடுக்க வருகிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போனில் கூப்பிட மாட்டாள். வாசலில் போய் நிற்பாள். யார் வீட்டில் காதுகுத்து, யாருக்கு மருமகளோடு சண்டை, எல்லாம் அத்துப்படி. எவராவது "போதும்மா, உட்டுடறேன்" என்றால் ஒரே பேச்சுதான்.

"எங்கப்பாவோட ஒரே ஷிப்ட்டுல எறங்குனவரு நீங்க. பாதில உட்டா எப்படி மாமா?"

சுரங்கத்துக்குள் ஒரே கேஜில் இறங்கி ஒன்றாக மேலே வந்தவர்களால் அதை மறுக்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும் அவள் சொல்லியாக வேண்டும். சொல்லுவாள், கொஞ்சம் வேகமாக.

அந்த வாரம் பெங்களூரில் சோதனையை நடத்தும் டாக்டர் பிரதாப் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள், மாத்திரை போடுகிறவர்களில் ஒருவரான சுந்தரராஜ் வீட்டுக்குப் போனாள். அவர் விளக்குப் போடாமல் உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கஞ்சி ஏடு கட்டிக் கிடந்தது.

"இன்னா மாமா, பட்டப்பகல்ல இருட்டுல?"

"சுரங்க லெவல்ல பழகுன கண்ணும்மா. வெளிச்சம் ஒத்துக்கல."

ஜெயசீலி சிரித்தாள். அவர் மனைவி தாயம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்துவிட்டாள். வெயில் அவர் முகத்தில் விழுந்தது. விழியின் வெள்ளை மஞ்சள் அரைத்துப் பூசியது போலிருந்தது.

"கண்ணு இப்படி மஞ்சளா கீதே!"

"தங்க வயல்காரன் கண்ணு வேற இன்னா கலர்ல இருக்கும்?"

இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எப்போலேந்து?"

தாயம்மாதான் பதில் சொன்னாள். "போன தபா ரத்தம் குடுத்துட்டு வந்த அப்பால. சோறு எறங்கல. ஒண்ணுக்கு டிகாஷனாட்டம் போவுது. உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு."

"நீ சும்மா இருடி" என்று அதட்டிய சுந்தரராஜ், ஜெயசீலியின் பக்கம் திரும்பினார். "அந்தக் காலத்துல டாக்டராண்ட நெஞ்சு வலின்னா கீழ எறங்க உட மாட்டாங்கன்னு பயம். இருமலை அடக்கிகினு நிப்போம். அதே பழக்கம். நானு பாதில நின்னா உனக்குத்தானே கெட்ட பேரு? உங்கப்பன் பொண்ணு தல குனியலாமா?"

அவள் அங்கிருந்தே டாக்டரை அழைத்தாள். கேட்டு முடித்ததும் அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"மத்தவங்க எல்லாரும் எப்படி இருக்கறதா சொல்றாங்க?"

"நல்லா இருக்கறதாதான் சார். ஒருத்தர் விடாம அதையேதான் சொல்றாங்க."

"அவருக்கு மாத்திரைய உடனே நிறுத்துங்க. ஆம்புலன்ஸ் அனுப்பறேன். மத்தவங்களும் போட வேணாம். ஒவ்வொருத்தரையும் நேர்ல பாருங்க. இப்பவே."

வண்டியில் ஏற்றும்போது சுந்தரராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கை கொதித்தது.

"அவுங்களாண்ட கேக்காத. சொல்ல மாட்டாங்க. எல்லாரும் பேசி வெச்சிகினோம்."

தாயம்மாவும் ஏறிக்கொள்ள, வண்டி போனது. அந்த லைனில் வீட்டுக்கு ஒருவர் மாத்திரை போடுகிறவர்தான். ஜெயசீலி நாலைந்து வீடு தள்ளி, கோவிந்தன் கதவைத் தட்டினாள். அவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றார்.

"மாத்திரைய நிறுத்துங்க மாமா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எனக்கின்னா? கல்லாட்டம் கீறேன்."

"கண்ணாடிய கழட்டுங்க."

"தூசு விழுந்துச்சும்மா. வேணாம்."

"எனக்கு ஒரு கெட்ட பேரும் வராது, கழட்டுங்க."

அவர் நகரவில்லை. ஜெயசீலியே எட்டிக் கழற்றினாள். சுந்தரராஜின் கண்ணைவிட இது இன்னும் மஞ்சளாக இருந்தது.

பக்கத்து வீட்டில் உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. அதற்கடுத்த வீட்டிலும் விழுந்தது.