கன்னத்தில் ஒரு காப்பித் துகள்

நான் அழகி என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்த வயது. எழுபதுகளின் கடைசி. ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம், காப்பி எஸ்டேட்டில் வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி, கவாத்து செய்திருந்த காப்பிச் செடிமேல் முகம் குப்புற விழுந்தேன். வெட்டிவிட்ட கிளையின் கூர்நுனி என் வலது கன்னத்தைக் கிழித்துவிட்டது.

எங்கள் மலையில் எந்த அம்மாவும் செய்வதைத்தான் என் அம்மாவும் செய்தாள். அடுப்படிக்கு ஓடி, ஒரு பிடி காப்பிப்பொடியை அள்ளிவந்து காயத்தில் அப்பினாள். ரத்தம் நின்றது. ஜீப்பில் ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், "பொட்டப்புள்ள மூஞ்சி போச்சே சாமி" என்று ஒரே பாட்டு. வலியைவிட அந்தப் பாட்டுதான் என்னைப் பயமுறுத்தியது. ஏனென்றால் என் முழங்காலில் ஏற்கெனவே ஒரு தையல் தழும்பு உண்டு. சின்ன வயதில் யாரோ அவசரமாகத் தைத்தது, பிரிக்கவும் நாளாகிவிட்டது. பூரான் படுத்திருப்பதுபோல் இருக்கும். அந்தப் பூரான் கன்னத்தில் ஏறிவிட்டால் நான் என்ன செய்வேன்?

அங்கிருந்த டாக்டரம்மா சேலத்துக்காரர் அல்ல. எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். காயத்தைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"யாரு இதுல காப்பிப்பொடி வச்சது?"

"நாந்தானுங்க. நொம்ப ரத்தமுங்க, நிக்கோணுமில்லீங்க," என்றாள் அம்மா.

"ரத்தம் நின்னுடுச்சு. பொடியும் நின்னுடுமே. உங்க கையில பச்சை குத்தியிருக்கீங்களே, அழிஞ்சுதா? இதோட தச்சா இவ கன்னத்துலயும் அப்படித்தான் கருப்பா நிக்கும்."

அம்மா பச்சை குத்திய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். என் வாழ்நாளில் அபூர்வமாகப் பார்த்த காட்சி.

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, டாக்டரம்மா தண்ணீரால் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினார். மிச்சத்தை இடுக்கியால் ஒவ்வொரு துகளாக எடுத்தார். அரிசியில் கல் பொறுக்குகிறவளுக்குக்கூட அந்தப் பொறுமை வராது. பிறகு, தானாகக் கரைந்துபோகும் நூலால் முதலில் உள்சதையைச் சேர்த்தார். மேல்தோலுக்கு முடியைவிட மெல்லிய நூல்.

"இழுப்பையெல்லாம் உள்தையல் தாங்கிக்கும். மேல்தோல் சும்மா ஒண்ணையொண்ணு தொட்டுட்டிருந்தாப் போதும், அப்பத்தான் தழும்பு அகலமாகாது," என்றார். "அஞ்சாம் நாள் கட்டாயம் வரணும். முகத்துல தையலை அதுக்குமேல விட்டா நூல் தடம் விழுந்துடும்."

ஐந்தாம் நாள் ஒரு மரம் ரோட்டில் சாய்ந்து பஸ் நின்றுபோனது. நான் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். மத்தியானம் வாசலில் ஒரு குடை. சேலைக் கரையெல்லாம் சேறாக டாக்டரம்மா நின்றார். மரம் விழுந்த இடம்வரை வண்டி, அதற்கப்புறம் நடை.

"இந்த மழையில ஏனுங்க வந்தீங்க? பத்து நாள் போனா ஆவாதுங்களா?" என்றாள் அம்மா.

"முழங்காலைப் பாருங்க, தெரியும்," என்றார். என் பூரானை அன்றைக்கே கவனித்திருக்கிறார்! தையலைப் பிரித்து, ஒட்டுத்துணியைக் குறுக்கே ஒட்டி, வெயிலில் முகம் காட்டாதே, தழும்பு கறுத்துவிடும் என்று மிரட்டிவிட்டுப் போனார். நான் முக்காடு போட்டுக்கொண்டு திரிந்தேன். எனக்கு வெட்கம் வந்துவிட்டதாக லைனே கேலி செய்தது.

எண்பதுகளின் கடைசியில் என் மகளின் இருமலுக்காக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடையில் எங்கெங்கோ மாற்றலாகிப் போயிருந்த டாக்டரம்மா, தலை நரைத்து, திரும்ப அங்கேயே இருந்தார். கதையைச் சொன்னேன். என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"எந்தக் கன்னம்?"

என் அழகைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தை யாரும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரர் உட்பட. வலது பக்கத்தைக் காட்டினேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஒரு துகள் தப்பிச்சிருச்சே," என்றார் நிஜமான எரிச்சலோடு. "சின்ன வேலைதான், எடுத்துடட்டுமா?"

"வேண்டாமுங்க," என்றேன். "எங்கம்மா வச்சதுங்க. போன தையில போய்ச் சேந்துட்டாங்க. அது இருக்கட்டுங்க."

அவர் விரலை எடுக்கச் சற்று நேரமானது.