பிலோமினா டீச்சரும் கல்லை எடுத்தவரும்

பிலோமினா டீச்சர் இறந்துபோன செய்தி எனக்குத் தருமபுரி பேருந்து நிலையத்தில் கிடைத்தது. பள்ளிக்குப் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். அவருடைய தம்பி அந்தோணி போனில் கூப்பிட்டார். "அக்கா போயிட்டாங்க டீச்சர். காலையில கஞ்சி குடிச்சாங்க, படுத்தாங்க, அவ்வளவுதாங்க" என்றார். இறங்கிக் கம்பைநல்லூர் பேருந்தில் ஏறினேன். அதில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் எங்கள் பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த இரங்கல் பதிவைப் பார்த்தேன். "என் உடன்பிறவாச் சகோதரி. முகாம்களில் என்னோடு தோளோடு தோள் நின்றவர்" என்று இருந்தது. எழுதியவர் முன்பு எங்கள் பள்ளியில் உதவித் தலைமையாசிரியராக இருந்தவர். பெயரை எழுதப்போவதில்லை, 'சார்' என்றே குறிப்பிடுகிறேன். டீச்சரை அறிந்தவர்களுக்கு அவரையும் தெரியும். பதிவுக்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அழுகை வருமுன் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

டீச்சர் எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. நான் அறிவியல். ஆண்டுக்கு ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவிகளைக் கூடார முகாமுக்கு அழைத்துப்போவோம். பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கோடரியும் அரிவாளும் வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதால், டீச்சர் ஒரே ஒரு கத்தி கொண்டுவருவார். மடக்குக் கத்தி அல்ல. கைப்பிடிக்குள்ளும் இரும்பு ஓடுகிற, தடித்த முதுகுள்ள கத்தி. விறகை நிமிர்த்தி வைத்து, அதன் தலையில் கத்தியை அழுத்தி, கத்தியின் முதுகில் ஒரு உருட்டுக் கட்டையால் தட்டுவார். நாலைந்து தட்டில் விறகு இரண்டாகும். மழையில் நனைந்த விறகையும் அப்படித்தான் பிளந்து, உள்ளே இருக்கும் உலர்ந்த சிம்புகளை எடுத்து அடுப்புப் பற்றவைப்பார். "மேலதான் நனையும், உள்ள காஞ்சிதான் இருக்கும்" என்பார். கணு உள்ள கட்டையைத் தொடவே மாட்டார். "கத்திய அடிக்கறதுக்குக் கட்டைதான். கல்ல எடுத்தீங்கன்னா கத்தி ஒடையும், இல்ல யாருக்காவது கண்ணு போவும்" என்று ஒவ்வொரு முகாமிலும் சொல்வார்.

ஏரியூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பில் முகாம் போட்ட ஆண்டு. விடியற்காலை பெய்த மழையில் எல்லாம் நனைந்திருந்தது. டீச்சர் மாணவிகளோடு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். பள்ளித் தாளாளர் காலை உணவுக்கு வருவதாக இருந்தது, சாருக்கு அவசரம். டீச்சரின் கத்தியை எடுத்து, கணு விழுந்த ஒரு புளியங்கட்டையில் வைத்து அடித்தார். கத்தி பாதியில் சிக்கிக்கொண்டது. கையிலிருந்த கட்டையை எறிந்துவிட்டு ஒரு கல்லை எடுத்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு பத்தடி தள்ளி இருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அடித்துவிட்டார். கத்தியின் முனை உடைந்து பறந்து, அடுப்பு ஊதக் குனிந்திருந்த நந்தினி என்ற மாணவியின் புருவத்தைப் பிளந்தது. கண் தப்பியது. ஏழு தையல்.

விறகு பிளந்தது பிலோமினா டீச்சர்தான் என்று சார் எழுதிக் கொடுத்தார். கத்தி டீச்சருடையது. குனிந்திருந்த பிள்ளைக்கு யார் அடித்தது என்று தெரியவில்லை. விசாரணையில் என்னைக் கேட்டார்கள். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. "நான் கவனிக்கலீங்க" என்றேன்.

டீச்சரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று நந்தினியின் அம்மா முனியம்மாள் பள்ளி வாசலுக்கு வந்து, "எம் பொண்ணு மூஞ்சியக் கெடுத்துட்டியே, உன் கையி வெளங்குமா" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். என்னை மட்டும் ஒருமுறை பார்த்தார். அதுவரை என்னை "வாடி, போடி" என்று பேசியவர், "வர்றேங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைவிட ஒரு அறை அறைந்திருக்கலாம்.

இரண்டு ஆண்டுகள் தம்பியின் தோட்டத்தில் தக்காளி பறித்தார். அதற்குள் சார் தலைமையாசிரியராகிவிட்டார். அந்த ஆண்டு முகாமின் கடைசி நாளில் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். டீச்சர் முதல் நாளே நந்தினியின் ஊரான ஏரியூருக்குப் போய் முனியம்மாளின் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். "நாளைக்கு ஒரு மணி நேரம் என்கூட வாங்க. அதுக்கப்புறம் எவ்வளவு வேணாலும் திட்டுங்க, கேட்டுக்கறேன்" என்று சொன்னாராம். இதைப் பின்னால் முனியம்மாளே என்னிடம் சொன்னார்.

மறுநாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். டீச்சர் ஒரு புதுக் கத்தியையும், கணு உள்ள ஒரு புளியங்கட்டையையும், அடிக்க ஓர் உருட்டுக் கட்டையையும் சாரின் முன்னால் வைத்தார். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு வெறகு பொளக்கத் தெரியலன்னு சார் எழுதிக் குடுத்தாருங்க. எப்படிப் பொளக்கறதுன்னு அவரயே காட்டச் சொல்லுங்க. நானும் கத்துக்கறேன்."

பெற்றோர் சிரித்தார்கள். சாரும் சிரித்துக்கொண்டே குந்தினார். கத்தி கணுவில் சிக்கியது. கட்டையால் தட்டினார், அசையவில்லை. மறுபடி தட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கட்டையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்து ஓங்கினார். டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போதுங்க சார். சுத்தி புள்ளைங்க நிக்குதுங்க."

முனியம்மாள் முன்னால் வந்தார். "அன்னிக்கும் கல்லுதானா?" என்று கேட்டார். சார், "என்னம்மா, எதையோ எதோடயோ முடிச்சுப் போடறீங்க" என்றார். அப்போது நான் எழுந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "அன்னிக்கும் கல்லுதாங்க. அடிச்சது சார்தான். நான் பாத்தேன்."

பெற்றோர் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். சார் பள்ளியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. டீச்சரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். போவதற்கு முன் சார் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நின்று, தான் எழுதிக் கொடுத்தது பொய் என்று வாசிக்க வேண்டும். சார் தாளைப் பார்த்து முணுமுணுத்தார். டீச்சர் மைதானத்தின் கடைசியில் நின்று, "இங்க கேக்கலீங்க சார்" என்றார். சார் மறுபடி வாசித்தார். "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றார் டீச்சர். மூன்றாவது முறை ரோட்டுக்கே கேட்டது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்து எழுத விருப்பமில்லை.

அன்று மாலை டீச்சர் என்னிடம் வந்தார். "நீ எழுந்து நின்ன. ரெண்டு வருசம் கழிச்சு நின்ன. ரெண்டையும் நான் மறக்க மாட்டேன்டி" என்றார். அந்த 'டி' எனக்குத் திரும்பக் கிடைத்தது. அதன் கூடவே வந்ததையும் வாங்கிக்கொண்டேன்.

இறப்பதற்குப் பத்து நாள் முன்பு, வீட்டுக்கு அனுப்புமுன், டீச்சரை மருத்துவமனையில் பார்த்தேன். பங்குச் சாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் மன்னித்துவிடும்படி சொன்னார். டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிட்டேன்னு சொன்னா பொய்யாப் போயிடுங்க சாமி. சாவப்போற நேரத்துல எதுக்குங்க ஒரு பொய்யி" என்றார். சாமியார் ஜெபத்தைத் தொடங்கினார்.

அடக்கத்துக்கு சார் பெரிய மாலையோடு வந்தார். வாசலில் முனியம்மாளும், இப்போது கல்லூரியில் படிக்கும் நந்தினியும் நின்றிருந்தார்கள். "குடுங்க சார்" என்று முனியம்மாள் மரியாதையாக மாலையை வாங்கினார். நேராகப் போய் அவருடைய காரின் முகப்பில் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். "நீங்க கெளம்பலாங்க" என்றார். யாரும் முனியம்மாளைத் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

டீச்சரின் கைக்கடிகாரத்தை அந்தோணி எனக்குக் கொடுத்தார். அதை நந்தினிக்குக் கொடுத்துவிட்டேன். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய கோபத்தை. எனக்கு அது பிறவியில் வந்ததில்லை; நான் பயந்த சுபாவம். அவரைப் பார்த்துத்தான், அதுவும் தாமதமாக, கற்றுக்கொண்டேன். அது தணிய வேண்டும் என்று யாரும் எனக்காக ஜெபிக்க வேண்டாம்.