ஆரின்ரை வீடு?

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். திருகோணமலையில் குண்டு போட்ட விமானம் வலிகாமத்துக்கும் வரும் என்ற பயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு சட்டம் வந்தது. எங்கே தீப்பிடித்தாலும் கோயில் மணியை விடாமல் அடிக்க வேண்டும்; கேட்டவர்கள் எல்லோரும் வாளியும் கையுமாக ஓடிவர வேண்டும். ஊர்த்தலைவர் விதானையார் சொல்ல, அதைத் தெருத்தெருவாகப் பறையடித்து அறிவித்தவர் என் கணவர். நாங்கள் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாத சாதி. பறைக்கு மட்டும் எல்லாத் தெருவிலும் ஒழுங்கையிலும் இடம் இருந்தது.

குண்டு ஒன்றும் விழவில்லை. ஒரு மத்தியானம் அடுப்புப் பொறி ஒன்றைச் சோளகக் காற்று தூக்கி எங்கள் கூரையில் போட்டது. காய்ந்த தென்னோலைக் கிடுகு, கேட்கவா வேண்டும்! பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். பக்கத்திலேயே கிணறு. ஆனால் துலாக்கயிற்றை நாங்கள் தொடக் கூடாது. தொடக்கூடியவர்கள் வந்து அள்ளி ஊற்றினால்தான் தண்ணீர். அவர்களைக் கூப்பிட மணி ஒன்றுதான் வழி.

இவர் கோயிலுக்கு ஓடினார். நானும் பிள்ளையோடு பின்னால் ஓடினேன். மணி அடிக்கிறவர் உள்ளே இருந்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். இவர் வாசலில் நின்று கத்தினார்.

"நயினார், வீடு எரியுது! மணியை அடியுங்கோ!"

"ஆரின்ரை வீடு?"

"எங்கடை வீடு, நயினார்."

அவர் கையிலிருந்த மாலையைக் கீழே வைக்கவில்லை. "உங்கடை கொட்டிலுக்கே சாமியின்ரை மணி? போய் மண்ணை அள்ளிப் போடடா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடான் என்பார்கள். இவர் பொறுக்கவில்லை. உள்ளே பாய்ந்து, மணிக்கயிற்றைப் பிடித்து, ஊரே அதிர அடித்தார். எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் வந்தது. வீடு தப்பிவிடும் என்று நம்பினேன், மடச்சி.

சனம் சட்டப்படியே வந்தது, வாளியோடு வந்தது. கயிற்றில் இருந்த கை யாருடையது என்று பார்த்ததும் வாளிகளை வைத்துவிட்டு அவரை அடித்தது.

"அங்கை எரியுது, திரும்பிப் பாருங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை.

அவரை வெளிவீதியில் இழுத்துப் போட்டுவிட்டுத் தீட்டுக் கழுவத் தொடங்கினார்கள். கோயில் கிணற்றிலிருந்து மணிக்கோபுரம் வரை ஆண்கள் வரிசையாக நின்று வாளிகளைக் கை மாற்றினார்கள். ஒரு துளி சிந்தவில்லை. தீயணைப்பதற்கென்று சொல்லிக்கொடுத்த முறை அது, நன்றாகத்தான் படித்திருந்தார்கள். ஒழுங்கைக்கு அப்பால் எங்கள் கூரை உள்ளே விழுந்த சத்தம் அவர்களுக்கும் கேட்டது.

கடைசியில் ஒரு வாளி தண்ணீர் மிஞ்சியது. அதையும் மணியின் மேலேயே ஊற்றினார்கள்.