வெண்டைக்காயின் நுனி

மூளையில் ரத்தம் கட்டி, ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய பிறகு என் வீட்டுக்காரருக்குக் காய், பழம் எதன் பெயரும் வாயில் வரவில்லை. டாக்டர் படம் காட்டியபோது கத்தரிக்காயை யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பெயர் போகட்டும், காயையே அடையாளம் தெரியாமல் போய்விட்டதோ என்று எனக்குப் பயம். யாரிடமும் கேட்கக் கூச்சம்.

ஒரு காலை பூந்தமல்லி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். மழை விட்டிருந்தது. நீலத் தார்ப்பாய் வழியே வெளிச்சம் இறங்கி, தக்காளியும் முள்ளங்கியும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் தெரிந்தன. அதற்குள் நீந்துகிறவர் மாதிரி அவர் மெல்லப் போய், வெண்டைக்காய்க் குவியல் முன் நின்றார். ஒன்றின் நுனியை ஒடித்தார். பட்டென்று ஒடிந்தது, கூடையில் போட்டார். அடுத்தது ஒடியாமல் வளைந்தது.

“இன்னா அண்ணாத்தே, ஒடிச்சிகினே கீற? வாங்குவியா, மாட்டியா?” என்று கடைக்காரம்மா கத்தினாள்.

“முத்தல்,” என்று வளைந்ததை அவளிடமே நீட்டினார்.

“பார்றா, எங்கிட்டயே குத்தம் சொல்லுது!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் வெட்கத்தில் அவர் கையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

“ஒடிக்கட்டும்மா,” என்றேன். “ஒடிச்சதெல்லாம் நானே வாங்கிக்கிறேன்.”