வாழைக்காய் வைக்க மாட்டேன்

எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன். மயிலாப்பூரில், கடல் காற்று நேராக வந்து முகத்தில் அடிக்கிற ஒரு தெருவில், பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. அது போதும். முன்னால் தெரியும் பெரிய கட்டடம் டிகிரி கல்லூரி. சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி உள்ளே போனால் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று வரும். அது எங்களுடைய சமுதாயக் கல்லூரி. தையல், பியூட்டீஷியன், எலக்ட்ரிக்கல், கேட்டரிங் என்று எல்லாம் ஒரு வருடப் படிப்பு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், பிள்ளை பெற்றபின் படிக்க வந்தவர்கள், வேலை போனவர்கள் எல்லாம் அங்கேதான் சேருவோம். முன் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் வெறும் 'கம்யூனிட்டி'. "இன்னைக்கு கேன்டீன்ல கம்யூனிட்டி சமையலாம், நல்லா இருக்குடா" என்பார்கள், எங்கள் காதுபடவே. நான் முறைப்பேன். முறைத்து என்ன பண்ண, பரிமாறத்தானே வேண்டும்.

நான் கேட்டரிங் படித்தேன். சேரும்போதே முப்பது வயதைத் தாண்டிவிட்டேன். குப்பத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா மீன் விற்கிறாள். விடியற்காலையில் ஏலத்தில் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, மயிலாப்பூர்த் தெருக்களில் வீடு வீடாகப் போவாள். இப்போதெல்லாம் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. ஆனாலும் அம்மா சீட்டில் உட்கார மாட்டாள். கூடையே இல்லாத நாளிலும், தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு பூசைக்குக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமையிலும், படிக்கட்டுப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"சீட்டு காலியா கீதேம்மா, வந்து உக்காரேன்" என்பேன்.

"பக்கத்துல உக்காந்தா மூக்க மூடிக்கினு எழுந்து போவாங்க. எதுக்கு வம்பு?" என்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனை முறை கத்தியிருப்பேன்! அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அந்த வருடம் சென்னையில் உள்ள சமுதாயக் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து அடையாறில் ஒரு சமையல் போட்டி வைத்தார்கள். 'எங்கள் வீட்டுச் சாப்பாடு' என்று தலைப்பு. ஆளாளுக்குப் பிரியாணி, பனீர், மஷ்ரூம் என்று போனார்கள். நான் சுறாப் புட்டு செய்தேன். பால் சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் நிறைய வதக்கி அதில் போட்டுப் புரட்ட வேண்டும். குப்பத்தில் பிள்ளை பெற்றவளுக்கு முதலில் கொடுக்கிற சாப்பாடு அதுதான். நான் பிறந்தபோது அம்மா சாப்பிட்டது, என் மகன் பிறந்தபோது நான் சாப்பிட்டது. மேசைக்கு வந்த நடுவர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். முதல் பரிசு எனக்கு. என்னோடு படித்த தம்பி ஒருவன் உண்டு, வடபழனிக்காரன், கல்யாண மண்டபங்களில் வேலை பார்த்தவன். அவன் விசில் அடித்ததில் அங்கிருந்த வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விழா அன்று மேடைக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பரிசு வாங்கியவர்கள் எந்த வேலைக்குப் பரிசு வாங்கினார்களோ அதையே வைக்க வேண்டும். தையலில் ஜெயித்தவள் பிளவுஸை வைப்பாள். எலக்ட்ரிக்கல் பையன் வயரிங் போர்டை வைப்பான். கேட்டரிங் என்றால் சாப்பாடு. சிறப்பு விருந்தினர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவார். சாப்பாடு என்றால் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்வார். அப்போது போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோக்கள் பெரிதாகி முன் கட்டடத்து நடையில் ஒரு வருடம் தொங்கும். கம்யூனிட்டியின் முகம் முன் கட்டடத்துச் சுவரில் ஏறுவது அந்த ஒரு வழியில்தான். எனக்கு அந்தச் சுவர் வேண்டும். என் பக்கத்தில் சுறாப் புட்டும், அதன் பெயரும், அதைப் பார்க்க அம்மாவும் வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் கோ-ஆர்டினேட்டர் மேடம் கூப்பிட்டார். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பங்கிலேயே பழைய குடும்பம். வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள். கோயிலில் முன் பெஞ்சு. வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாத வீடு, அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் வாங்குகிற வீடு. யாரிடம்? என் அம்மாவிடம்தான். தவக்காலத்தில் சுறாவைச் சொல்லிவைத்தே வாங்குவார். கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, உள்ளிருந்து பாத்திரம் கொண்டுவந்து, தூரத்தில் நீட்டி வாங்கிக்கொள்வார்.

"இந்த வருஷம் சீஃப் கெஸ்ட் தி. நகர்ல பெரிய ஹோட்டல் வச்சிருக்கறவர்மா. சுத்த சைவம். நம்ம பிள்ளைங்களுக்கு வேலை குடுக்கறேன்னு சொல்லியிருக்கார். அவர் முன்னால மீன வச்சா நல்லாவா இருக்கும்?" என்றார்.

"அவர் சாப்பிட வேணாம் மேடம். பார்த்துட்டுப் போகட்டும்."

"ஸ்மெல் வரும்ல? நீ ஒண்ணு பண்ணு. வாழைக்காய்ப் புட்டு செஞ்சு வச்சிடு. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஃபர்ஸ்ட் பிரைஸ்னு கார்டு வச்சிடலாம். அவரும் ஒரு வாய் சாப்பிடுவார், உனக்கும் போட்டோ கிடைக்கும். யாருக்கும் நஷ்டமில்ல."

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் வராத ஸ்மெல்லா மேடம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். அம்மாவுக்கு நல்ல வாடிக்கை வீடு. நான் வாயைத் திறந்து அவள் கூடையில் மண் விழக்கூடாது. "வாழைக்காய் வைக்க மாட்டேன் மேடம். நான் ஜெயிச்சது வாழைக்காய்க்கு இல்ல. மீன் கூடாதுன்னா காலித் தட்டு வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"காலித் தட்டா? திமிர் பண்ணாதே. அந்த ஹோட்டல் வேலை உனக்கு வேணுமா வேணாமா?"

"வேணும். வாழைக்காய் வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் நிற்காமல் நடந்தேன். கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

வடபழனித் தம்பி, "அக்கா, நான் வேணா வாழக்கா துருவித் தரட்டா? நீ கையாலகூடத் தொட வேணாம்" என்றான். நல்ல மனசுதான் அவனுக்கு. இருந்தாலும் அன்றைக்கு முழுக்க அவனோடு நான் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினேன். மேடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், அவர் குரலிலேயே பேசிக் காட்டினேன். அம்மாவும் கூடச் சேர்ந்து திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ கத்தியைத் தேய்த்துக்கொண்டே, "வாழக்காய வச்சிட்டுத்தான் போயேன்டி. யாரு மோந்து பாக்கப் போறா? ஒரு வேல கெடைக்கும்னா சும்மாவா?" என்றாள்.

மேடம் சொன்னதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. இது வலித்தது. "நீ பஸ்ல நிக்கிற மாதிரி என்னையும் நிக்கச் சொல்றியா?" என்று கத்திவிட்டேன். அம்மா தலையைக் குனிந்து கத்தியையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு அளவோடுதான் நடந்தது.

விழா அன்று காலையில் நான் கிளம்பும்போது அடுப்பில் சுறா வெந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்தது, அவளுக்காகத்தான் என்று எண்ணிக்கொண்டேன். "சாயங்காலம் வருவியா?" என்று கேட்டேன். "பாக்கறேன்" என்றாள். கிழிஞ்சது போ, வர மாட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் மேசையின் கடைசியில் ஒரு பெரிய வெள்ளைத் தட்டை வைத்தேன். துடைத்துத் துடைத்து பளபளவென்று வைத்தேன். முன்னால் ஒரு கார்டு: 'சுறாப் புட்டு. முதல் பரிசு.' கீழே என் பெயர். மேடம் வந்து கார்டை எடுத்தார். எடுத்த கையைப் பார்த்துக்கொண்டே பையிலிருந்து இன்னொரு கார்டை எடுத்து வைத்தேன். நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் சிறப்பு விருந்தினரின் கார் வந்துவிட்டதால் மேடம் ஓட வேண்டியதாகிவிட்டது.

விருந்தினர் பிளவுஸைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். போட்டோ, சிரிப்பு, போட்டோ. என்னிடம் வந்தார்.

"என்னம்மா, தட்டு காலியா இருக்கு?"

"சுறாப் புட்டு சார். முதல் பரிசு வாங்கினது. நீங்க சைவம்னு வைக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தரையைப் பார்த்தார். "ஓ... சரி சரி. வெரி குட்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார். போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். அவ்வளவுதான். ஒரு வாரமாகப் போட்ட சண்டை அந்த 'வெரி குட்'டோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அழக்கூடாது, இவர்கள் முன்னால் அழவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கீச்சென்று நகர்ந்தது. அம்மா. பச்சைப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம், கையில் பெரிய டிபன் பாக்ஸ். நாற்காலிகளுக்கு நடுவில் யார் காலையும் மிதிக்காமல், அவசரமே இல்லாமல், நேராக மேசைக்கு வந்தாள். மூடியைத் திறந்தாள். காலையில் வெந்துகொண்டிருந்த சுறா அத்தனையும் என் தட்டில் விழுந்தது. வாசம் கும்மென்று ஹாலைத் தூக்கியது.

"ஏம்மா, என்ன இது? இங்கெல்லாம் கொண்டு வரக்கூடாது. ஸ்மெல் வருது பாரு!" மேடம் ஓடி வந்தார்.

அம்மா மூடியைச் சாத்திவிட்டு நிமிர்ந்தாள். "வெள்ளிக்கெழம உங்க வூட்டு வாசல்ல வர்ற அதே வாடதான் டீச்சரம்மா. எம் பொண்ணு ஜெயிச்சத எம் பொண்ணு தட்டுல போட்டேன். ஐயாவுக்கு வோணான்னா ஐயா துன்ன வோணாம். நான் இன்னா யாரு வாயிலயும் ஊட்டியா வுட்டேன்?"

வடபழனித் தம்பி வந்து ஒரு கை அள்ளினான். "அம்மா, செம!" என்றான். பின்னாலேயே தையல் பெண்கள், எலக்ட்ரிக்கல் பையன்கள், முன் கட்டடத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள். விருந்தினர் மேடைக்குப் போய்ப் பேச ஆரம்பிப்பதற்குள் தட்டு மறுபடி காலி. சும்மா சொல்லக்கூடாது, அம்மாவுடையது நான் போட்டியில் செய்ததைவிட நன்றாக இருந்தது.

மேடையில் என் பெயரை வாசிக்கவில்லை. 'கேட்டரிங் பிரிவுக்கும் ஒரு பரிசு' என்று கடந்துபோனார்கள். முன் கட்டடத்து நடையில் பிளவுஸும் போர்டும் தொங்கின. நான் தொங்கவில்லை. தி. நகர் ஹோட்டலிலிருந்தும் எனக்கு அழைப்பு வரவில்லை. போகட்டும். இன்று அடையாறில் ஒரு மெஸ்ஸில் மீன் அடுப்பு முழுக்க என் கையில் இருக்கிறது. தம்பி தன் போனில் எடுத்த போட்டோ ஒன்று அங்கே கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. அம்மா டிபன் பாக்ஸைக் கவிழ்க்கிறாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

அன்று வீடு திரும்பும்போதும் அம்மா பஸ்ஸில் உட்காரவில்லை. வழக்கம்போல் படிக்கட்டுப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தாள். இத்தனை செய்துவிட்டும் இப்படியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அன்று கத்த மனசு வரவில்லை. நானும் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் ஐஸ் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். மேடம் வீட்டுத் தெரு வந்ததும் நான் ஒரு அடி பின்தங்கினேன். அந்த வாடிக்கை போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மேடம் கேட்டுக்குப் பின்னால், கையில் பாத்திரத்தோடு, ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் அம்மாவை மட்டும் பார்த்து, "ஏம்மா, சுறா இருக்கா?" என்றார்.

"கீது டீச்சரம்மா. பால் சுறா. இப்பத்தான் கரைக்கு வந்துது."

"அப்ப ஒண்ணு வெட்டிக் குடு."

அம்மா கூடையை இறக்கவில்லை.

"உங்களுக்கு இல்ல. மார்க்கெட்டாண்ட வாழக்கா வந்து கீது, வாங்கிக்கினு வந்து ஆக்குங்க. பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தாள்.